கார் இக்னிஷன் லாக்கை வீட்டிலேயே கழற்றலாமா? தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்



நம் மஹல்லாவில் பல வீடுகளுக்குக் கார்தான் சோறு போடுகிறது. கால் டாக்சி, பள்ளி வேன், வாடகை வண்டி என்று நம் சகோதரர்கள் பலர் ஸ்டியரிங்கைப் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று கை மாறி வந்தவை. இப்படி ஓடித் தேய்ந்த வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை, சாவி போட்டால் திரும்பாமல் நிற்பது.

சுபுஹு தொழுதுவிட்டு முதல் சவாரிக்குக் கிளம்பும் நேரத்தில் இப்படி ஆனால் அன்றைய வருமானம் போய்விடும். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணையோ நெஞ்சுவலி வந்த பெரியவரையோ ஏற்றிக்கொண்டு நிற்கும்போது இப்படி ஆனால் அந்தப் பதற்றம் சொல்லி முடியாது. அவசரத்தில் பலரும் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். சாவியைப் பலம் கொண்டு திருகி உடைத்துவிடுகிறார்கள். அல்லது யாரையாவது கூப்பிட்டு ஒயரை ‘டைரக்ட்’ செய்து ஓட்டுகிறார்கள். இரண்டுமே பின்னால் பெரிய செலவையும் ஆபத்தையும் கொண்டு வரும்.

இக்னிஷன் லாக்கைக் கழற்றி மாற்றுவது சில வண்டிகளில் அரை மணி நேர வேலை. சில வண்டிகளில் நாம் கை வைக்கவே கூடாத வேலை. எது எப்படி என்பதை இந்த மாதம் விளக்குகிறோம்.

சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருப்பவை

சாவி போடும் இடத்தில் ஒரே ஒரு பூட்டு இருப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அங்கே நான்கு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, சாவி நுழையும் சிலிண்டர். அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஸ்பிரிங்கோடு இருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வரும். அப்போதுதான் சிலிண்டர் திரும்பும். சாவி தேய்ந்தாலோ தகடு தேய்ந்தாலோ தூசி அடைத்தாலோ மட்டம் தவறிவிடும்.

இரண்டாவது, ஸ்டியரிங் லாக். சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் இரும்புத் துண்டு தண்டில் விழுந்து பூட்டிக்கொள்கிறதல்லவா, அதுதான் இது.

மூன்றாவது, பின்பக்கம் இருக்கும் இக்னிஷன் சுவிட்ச். சாவியின் திருப்பத்தை மின்சாரமாக மாற்றி விளக்கு, பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கு அனுப்புவது இதுதான். சிலிண்டர் நன்றாக இருந்து இந்த சுவிட்ச் மட்டும் கெட்டுப் போவதும் உண்டு.

நான்காவது, இம்மொபிலைசர். இது உள்ள வண்டிகளில் சாவியின் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கும். துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அந்தச் சிப்பைப் படித்து, ‘இது நம் சாவிதான்’ என்று உறுதி செய்த பிறகே இன்ஜின் ஓடும்.

பழுது லாக்கில்தானா? முதலில் பாருங்கள்

லாக்கைக் கழற்ற வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன் ஐந்து சோதனைகள் செய்யுங்கள். காசு செலவில்லாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும்.

1. ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றாலும் மேட்டில் நிறுத்தியிருந்தாலும் ஸ்டியரிங் லாக் இறுகிக்கொள்ளும். அப்போது சாவியை மட்டும் திருகினால் உடைவது சாவிதான்.

2. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியென்றால் கியர் ‘பி’ நிலையில் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாவி வெளியே வராது.

3. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் லாக் நன்றாக இருக்கிறது. தேய்ந்தது தினமும் பயன்படுத்தும் சாவி. அப்போது தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுக்காதீர்கள். தேய்மானமும் சேர்ந்து நகலாகும். தேயாத சாவியை வைத்தோ, வண்டி வாங்கியபோது தந்த சாவி எண்ணை வைத்தோ புதிய சாவி வெட்டச் சொல்லுங்கள்.

4. சாவி சுகமாகத் திரும்புகிறது, ஆனால் டேஷ்போர்டில் விளக்கே வரவில்லை என்றால் பேட்டரி, பியூஸ், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றியும் பிடிக்காமல், சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர் சம்பந்தப்பட்டது. சிலிண்டரைக் கழற்றுவதால் இவை எதுவும் சரியாகாது.

5. சாவி நுழையும்போது கரகரவென்று இருந்தால், உலர்ந்த கிராஃபைட் தூளைச் சிறிதளவு துவாரத்தில் போட்டு, சாவியைப் பத்து முறை உள்ளும் வெளியுமாக இழுங்கள். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும். பிறகு தூசியைப் பிடித்துக் களிம்பாக்கி முன்பைவிட மோசமாக்கும்.

சாவி உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் ஃபெவிக்விக் தடவி இழுக்கும் வேலை கூடாது. பசை தகடுகளுக்குள் இறங்கினால் சிலிண்டரே வீணாகும். துண்டு வெளியே தெரிந்தால் கூர்மூக்குக் குறடால் நேராக இழுங்கள். தெரியாவிட்டால் சாவி வேலை தெரிந்தவரை அழையுங்கள். உடைந்த இரண்டு துண்டுகளையும் எறியாதீர்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் புதுச் சாவி வெட்ட முடியும்.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

சாவி திரும்பும் நிலையில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பெரும்பாலான சிலிண்டர்கள், சாவி ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திரும்பினால் மட்டுமே வெளியே வருமாறு செய்யப்பட்டவை. ஆகவே சாவி மக்கர் செய்யத் தொடங்கும்போதே, முழுவதுமாக நிற்பதற்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சாவியே இல்லை, அல்லது அறவே திரும்பவில்லை என்றால் வீட்டில் செய்யும் வேலை அங்கேயே முடிந்தது. டிரில் போட்டு உடைக்க முயன்றால் ஸ்டியரிங் தண்டையும் ஒயரையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம். ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டையுடன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை அணுகுவதே சரி.

இரண்டாவது, லாக் எந்த வகை என்று பார்க்க வேண்டும். 2005-இல் வந்த முதல் தலைமுறை இன்னோவா போன்ற டொயோட்டா வண்டிகளில் சிலிண்டரை மட்டும் தனியாக வெளியே இழுக்கலாம். மாருதி சுசூகியின் பல கார்களில் பூட்டு முழுவதும் ஒரே கட்டாக, தலை முறிந்த போல்ட்டுகளால் ஸ்டியரிங் தண்டில் பிணைக்கப்பட்டிருக்கும். திருடன் ஸ்பேனர் போட்டுக் கழற்றக் கூடாது என்பதற்காக, முறுக்கும்போதே தலை முறிந்து போகும்படி செய்த போல்ட்டுகள் அவை. அவற்றை உளி வைத்துத் தட்டிச் சுழற்றித்தான் எடுக்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

கழற்றும் முறை

சிலிண்டர் தனியாக வரும் வகைக்கு மட்டும் இந்த முறை. பிஸ்மில்லாஹ் சொல்லி, பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நாளில் ஆரம்பியுங்கள். நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், 10 எண் ஸ்பேனர், மெல்லிய கம்பி ஒன்று (சைக்கிள் போக்ஸ் கம்பி போதும்), டார்ச், ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம், இவ்வளவுதான் தேவை. சிறு குழந்தைகளை வண்டிக்குள் விடாதீர்கள்.

1. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொள்ளுங்கள். முன்கதவுக் கண்ணாடிகளை இறக்கி விடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு கதவு பூட்டிக்கொண்டாலும் கவலையில்லை.

2. சாவியை ‘லாக்’ நிலையில் வைத்துப் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அது திரும்பத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்குங்கள். இது மிக முக்கியம். ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். டொயோட்டா குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. நாம் பத்து நிமிடம் காத்திருப்போம், நட்டமொன்றும் இல்லை.

3. ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூக்களைக் கீழிருந்து கழற்றுங்கள். பொதுவாக மூன்று இருக்கும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் மெல்லப் பிரியுங்கள். மாட்டிக்கொண்டால் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இழுத்து உடைக்காதீர்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குக்கு உரியது, தொடாதீர்கள்.

4. சாவித் துவாரத்தைச் சுற்றி இம்மொபிலைசர் வளையம் இருந்தால் அதன் கனெக்டரை எடுத்துவிட்டு, வளையத்தை நேராக முன்பக்கம் இழுத்து எடுங்கள். அதன் பிளாஸ்டிக் பிடிகள் மெல்லியவை.

5. சாவியைப் போட்டு ‘ஏ.சி.சி.’ நிலைக்குத் திருப்புங்கள். ‘லாக்’ என்பதற்கு அடுத்த முதல் நிலை அது.

6. பூட்டின் உடம்பில் ஒரு சிறு துளை தெரியும். அதற்குள் கம்பியை விட்டால் ஒரு பிடிப்பு முளை இருப்பது கையில் படும். அதை அழுத்திக்கொண்டே சாவியைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். சிலிண்டர் சாவியோடு வந்துவிடும். வரவில்லையென்றால் சாவி சரியாக ‘ஏ.சி.சி.’யில் நிற்கவில்லை. ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அசைத்து மீண்டும் அழுத்துங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

7. வெளியே வந்த சிலிண்டரிலிருந்து சாவியை உருவாதீர்கள். சில வகைகளில் தகடுகளும் ஸ்பிரிங்குகளும் சிதறிவிடும். ஒன்று தொலைந்தாலும் லாக் உதவாது.

திரும்ப மாட்டும்போது

புது சிலிண்டர் வாங்கினால் புதுச் சாவி வரும். அப்படியே மாட்டினால் கதவுக்கு ஒரு சாவி, இன்ஜினுக்கு ஒரு சாவி என்று இரண்டு சுமக்க வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் புதுச் சாவியின் சிப்பை வண்டி ஏற்காமல் இன்ஜினும் ஓடாது. இதற்கு நல்ல வழி, பழைய சிலிண்டர், புது சிலிண்டர், சாவி மூன்றையும் சாவி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய், பழைய சாவிக்கே புது சிலிண்டரின் தகடுகளை அமைத்துத் தரச் சொல்வது. சாவியும் மாறாது, சிப்பும் மாறாது.

மாட்டும்போது சாவியை ‘ஏ.சி.சி.’யில் வைத்து, பின்னால் உள்ள நாக்கு உள்ளே இருக்கும் பள்ளத்தோடு பொருந்தும்படி நேராகத் தள்ளுங்கள். முளை ‘கிளிக்’ என்று வெளியே வந்து பிடிக்கும். சாவியை இழுத்துப் பாருங்கள். சிலிண்டர் வரக் கூடாது. வளையத்தையும் அதன் கனெக்டரையும் மாட்டிவிட்டு, பிளாஸ்டிக் மூடி போடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்துக் கீழே உள்ளவற்றைச் சோதியுங்கள்:

‘லாக்’, ‘ஏ.சி.சி.’, ‘ஆன்’, ‘ஸ்டார்ட்’ ஆகிய நான்கு நிலைகளுக்கும் சாவி தடையின்றிப் போக வேண்டும். ‘ஸ்டார்ட்’டிலிருந்து கையை விட்டதும் தானாக ‘ஆன்’ நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து கருகிவிடும். ‘ஆன்’ நிலையில் சாவியை உருவ முடியக் கூடாது. சாவி ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் பூட்டிக்கொள்ளக் கூடாது. சாவியை எடுத்த பிறகு பூட்டிக்கொள்ள வேண்டும். ஏர்பேக் விளக்கு ‘ஆன்’ செய்ததும் எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் காட்டும் வரை குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

பத்து முறை ஸ்டார்ட் செய்து, நிறுத்திப் பார்த்த பிறகே மூடியை மாட்டுங்கள்.

‘டைரக்ட்’ வேண்டாம்

லாக் கெட்டதும் ஒயர்களைப் பிரித்து ஒரு சுவிட்சோ பட்டனோ வைத்துக் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குறைந்த காசில் வேலை முடிந்ததுபோல் தெரியும். ஆனால் இக்னிஷன் ஒயரில் பாய்வது அதிக மின்சாரம். பியூஸ் இல்லாமல், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கலாம். பட்டன் வைத்தும் பழைய பூட்டு அப்படியே இருந்தால், ஓடும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதற்குப் பயந்து பூட்டையே உடைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுபோகலாம். திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் விஷயங்களில் ஒன்று, இரண்டு சாவிகளும் எங்கே என்பது. பூட்டு உடைந்த வண்டியை இரவு வாகனச் சோதனையில் போலீஸ் நிறுத்தினால், சொந்த வண்டிதான் என்று நிரூபிக்கும் வரை நம் பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

சாவிக் கொத்தின் கனம்

வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடுவது நம்மில் பலரின் பழக்கம். இதன் விளைவை உலகுக்குக் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் கார்களின் இக்னிஷன் சுவிட்சில் பிடிப்பு போதாமல், கனமான சாவிக் கொத்தின் இழுப்பிலோ குலுங்கலிலோ சாவி ‘ஆன்’ நிலையிலிருந்து தானாகக் கீழிறங்கியது. ஓடும்போதே இன்ஜின் நின்றது, ஸ்டியரிங் கனத்தது, மோதினால் விரிய வேண்டிய ஏர்பேக் விரியவில்லை. இழப்பீட்டுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட மரணங்கள் மட்டும் 124.

நம் வண்டி வேறு கம்பெனியாக இருந்தாலும் பாடம் ஒன்றுதான். கார் சாவியைத் தனியாக வையுங்கள். கனமான கொத்து சிலிண்டரையும் சீக்கிரம் தேய்க்கும்.

ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் பதறிப்போய் சாவியை ‘லாக்’ வரை திருப்பவோ உருவவோ கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுகப் பிடியுங்கள். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை மிதித்து மிதித்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போடுங்கள். வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும், ஓட்டப் பழகும் நம் சகோதரிகளுக்கும் மகன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சாவி ஓர் அமானிதம்

ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவியை நபி (ஸல்) அவர்கள், அதை அதுவரை வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்ப ஒப்படைத்தார்கள். இன்றும் அச்சாவி அந்தக் குலத்தாரிடமே இருக்கிறது. சாவியை ஒருவரிடம் கொடுப்பது நம்பிக்கையைக் கொடுப்பது என்பதை நம் மார்க்கம் அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறது.

ஆகவே சாவி விஷயத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் சில ஒழுங்குகளைப் பேண வேண்டும். நகல் எடுக்கக் கொடுத்தால் கூடவே நின்று வாங்குங்கள். சாவியையும் முகவரியையும் விட்டு வராதீர்கள். சாவி எண் பொறித்த தகட்டை வண்டிக்குள் வைக்காமல் வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். சாவியின் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதைப் பார்த்தே சாவி வெட்டத் தெரிந்தவர்கள் உண்டு. பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் லாக் செட் வாங்கினால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. சந்தேகமானதை விட்டு விலகுவது நம் வருமானத்தின் ஹலாலைக் காக்கும்.

இந்தத் தொழில் தெரிந்த சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிமுகமில்லாத ஒருவர் சாவி இல்லாத வண்டியைக் காட்டி, லாக்கைக் கழற்றித் தரச் சொன்னால் ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கூலி எவ்வளவு சொன்னாலும் சரி. இன்னொருவரின் பிழைப்பை எடுத்துக்கொண்டு போக நம் கை உதவிவிடக் கூடாது.

வண்டி பழுதாகி, சரிசெய்ய வழியில்லாமல் தொழில் நின்றுபோன குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். பெயர் வெளியே வராமல் விசாரித்து இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ். மெக்கானிக் வேலை தெரிந்த சகோதரர்கள் மாதம் ஒரு நாள் தங்கள் உழைப்பைத் தர முன்வந்தால் அதுவும் பெரிய ஸதகாதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பூட்டைச் சரியாக வைப்போம், பயண துஆ ஓதிக் கிளம்புவோம். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாகவும் நம் சம்பாத்தியத்தை பரக்கத் உள்ளதாகவும் ஆக்குவானாக. ஆமீன்.